மூணு விசிலா, டைமரா? தர்மபுரி சமையலறையிலிருந்து ஒரு குக்கர் கணக்கு

"கண்ணு, மூணு விசில் வந்தா அடுப்ப நிறுத்திடு. நான் சொசைட்டிக்குப் போயி பாலை ஊத்திட்டு வந்துடறேன்."

பாலக்கோடு பக்கம் வளர்ந்த எனக்கு, சமையலில் கிடைத்த முதல் பொறுப்பு இதுதான். அரிசி களையத் தெரியாத வயது. ஆனால், விசில் எண்ணத் தெரியும். டிவி சத்தத்தில் ஒரு விசிலைத் தவறவிட்டால், அன்றைக்குப் பருப்பு கரைந்து போயிருக்கும். பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டால், கொள்ளு நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டும். இரண்டுக்கும் திட்டு உண்டு.

போன தீபாவளி ஆஃபரில் தம்பி ஒரு எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கிக் கொண்டுவந்து வைத்தான். ஆறு லிட்டர், ஆயிரம் வாட், முன்பக்கம் முழுக்கப் பட்டன்கள். அம்மா ஒரு மாதம் அதைத் துண்டு போட்டு மூடியே வைத்திருந்தார். "விசிலே அடிக்கலியே, உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவர் கேள்வி. "எத்தன யூனிட்டு ஓடும்?" என்பது அப்பாவின் கேள்வி. "அப்ப இனிமே சிலிண்டர் பாதிதானே ஆகும்?" என்பது தம்பியின் கேள்வி.

பாதுகாப்பு, கரன்ட் பில், சிலிண்டர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் பதில் தேடினேன். தேடப் போன இடத்தில், குக்கருக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அரசு விதிகள் வந்து குறுக்கே நின்றன. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

நம்ம மாவட்டத்துச் சரக்கு

பிரஷர் குக்கரின் மூதாதையை 1679-ல் செய்தவர் தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். எலும்பையே மெத்தென்று ஆக்கிவிடும் பாத்திரம் என்று லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். ஆவி அளவுக்கு மீறினால் தானாக வெளியேற ஒரு வால்வையும் அதில் வைத்தார். இன்றைக்கு நம் குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வுக்கு அதுதான் முன்னோடி.

இந்தியாவில் குக்கர் தயாரிப்பு சூடுபிடித்தது 1959 வாக்கில். மும்பையில் ஹாக்கின்ஸ், தெற்கே டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜ். பிரெஸ்டீஜுக்கு ஓசூர் சிப்காட்டில் தொழிற்சாலை இருக்கிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். அதாவது, ஊரெல்லாம் விசிலடித்த குக்கர்களில் ஒரு பங்கு நம்ம மாவட்டத்துச் சரக்கு.

அந்த நிறுவனத்தை நீண்டகாலம் நடத்திய டி.டி.ஜெகந்நாதன், 2025 அக்டோபரில் காலமானார். சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த பொறியாளர். அவர் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுவது 'கேஸ்கெட் ரிலீஸ்' ஏற்பாடு. குக்கர் மூடியின் விளிம்பில் ஒரு சின்ன நீள்வட்டத் துளை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வெயிட் வால்வும் அடைத்து, சேஃப்டி வால்வும் வேலை செய்யாமல் போனால், ரப்பர் கேஸ்கெட் அந்தத் துளை வழியாகப் பிதுங்கி, ஆவியைக் கீழ்நோக்கி வெளியே விட்டுவிடும். குக்கர் வெடிக்காது. கடைகளில் போலி சேஃப்டி வால்வுகள் புழங்கியதுதான் இப்படி ஒரு மூன்றாவது காவலுக்கான தேவையை உண்டாக்கியது.

குக்கர் நம் அரசியலிலும் விசிலடித்தது. 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி.தினகரன் ஜெயித்தது குக்கர் சின்னத்தில். தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ-க்களில் நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களும் உண்டு. ஆனால், 2019-ல் அந்த இரண்டு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் வந்தபோது கட்சிக்குக் கிடைத்ததோ பரிசுப்பெட்டிச் சின்னம்!

எலெக்ட்ரிக் குக்கர் இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. 1990-களின் தொடக்கத்தில் சீனாவில் காப்புரிமை பெற்ற கருவி. 2010-ல் கனடாவில் 'இன்ஸ்டன்ட் பாட்' வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பிரபலமானது. நம் ஊருக்கு ஆன்லைன் கடைகள் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

விசில் ஒரு அளவே கிடையாது

இரண்டு குக்கரும் செய்கிற வேலை ஒன்றுதான். ஆவியை அடைத்து வைத்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சூடு ஏற ஏற, பருப்பும் கறியும் சீக்கிரம் வேகும்.

அடுப்புக் குக்கர் முழு அழுத்தத்தில் கிட்டத்தட்ட 120 டிகிரிவரை போகும். பெரும்பாலான எலெக்ட்ரிக் குக்கர்கள் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. 115 டிகிரி பக்கத்திலேயே நின்றுவிடும். ஐந்து டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால், கொள்ளு, காய்ந்த மொச்சை, நாட்டுக்கோழி மாதிரி அடம்பிடிக்கும் சரக்குகளில் அந்த ஐந்து டிகிரி தெரியும். அடுப்பில் வேகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக டைமர் வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஆயிரம் வாட் ஹீட்டர் அழுத்தத்துக்கு வந்து சேரவே பத்து, பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். "டைமர்ல பத்து நிமிஷம்னு வச்சா அரை மணி ஆகுதே" என்று அம்மா புகார் சொன்னது இதனால்தான். பத்து நிமிடக் கணக்கு, அழுத்தம் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

சரி, நம் விசில் மட்டும் துல்லியமா? கிடையாது. ஒரு கம்பெனி குக்கரில் ஒரு நிமிடத்துக்கு ஒரு விசில் வரும். இன்னொன்றில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வரும். தீ பெரிசாக இருந்தால் சீக்கிரம் வரும், சின்னதாக இருந்தால் லேட்டாகும். யூடியூபில் "நாலு விசில் விடுங்க" என்று சொல்பவரின் நாலு விசிலும் உங்கள் வீட்டு நாலு விசிலும் ஒன்றல்ல. குக்கரோடு வரும் கையேட்டை எடுத்துப் பார்த்தால், முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து, நிமிடக் கணக்கில் வேகவிடச் சொல்லித்தான் இருக்கும். அந்தக் கையேட்டை நாம் என்றைக்குப் படித்தோம்!

ஒவ்வொரு விசிலும், காசு கொடுத்து வாங்கிய கேஸில் உண்டான ஆவி வெளியே போகும் சத்தம். அதனால் புதுக் குக்கர் வாங்கும் முன்பே செய்யக்கூடிய சிக்கனம் ஒன்று உண்டு. முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். செலவில்லாத சேமிப்பு.

சிலிண்டர் கணக்கும் மீட்டர் கணக்கும்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதில் அடங்கியிருக்கும் மொத்தச் சூட்டை மின்சாரக் கணக்கில் சொன்னால் 180 யூனிட் சொச்சம். ஆனால், அடுப்பிலிருந்து எழும் சூடு முழுவதும் பாத்திரத்துக்குப் போகாது. பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும். நூற்றுக்கு 60 பங்கு சேர்வதாக வைத்துக்கொண்டால், உபயோகமாவது சுமார் 110 யூனிட். எலெக்ட்ரிக் குக்கரில் ஹீட்டர் உள்ளேயே இருக்கிறது, சுற்றிலும் உறை இருக்கிறது. நூற்றுக்கு 85 பங்கு சேரும் என்று வைத்தால், அதே வேலைக்கு ஏறக்குறைய 128 யூனிட் தேவை.

ஆக, ஒரு சிலிண்டர் = 128 யூனிட். இது என் தோராயக் கணக்கு. அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியபோது சென்னை விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதை 128-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஆறே முக்கால் ரூபாய். உங்கள் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு இதற்குக் கீழே கிடைத்தால் எலெக்ட்ரிக் லாபம். மேலே போனால் கேஸ் லாபம்.

உஜ்வாலா இணைப்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2025-26-ல் அவர்களுக்கு ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரை, ஒன்றுக்கு 300 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் போக 568 ரூபாய் சொச்சம். யூனிட்டுக்குச் சுமார் நாலரை ரூபாய்தான் ஆகிறது. அவர்களுக்கு கேஸ்தான் பல நேரம் மலிவு.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதக் கணக்கு. 2016-லிருந்து முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2024 ஜூலை கட்டண மாற்றத்துக்குப் பிறகு, மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருக்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 201 முதல் 400 வரை நாலே முக்கால் வாக்கில். 401 முதல் 500 வரை ஆறரைக்குள். 500-ஐத் தாண்டினால் எட்டரை வாக்கில் தொடங்கி மேலே மேலே ஏறும்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிற வீடுகள்.

முதல் வீட்டில் இப்போது 250 யூனிட் ஓடுகிறது. ஃபேன், டிவி, மிக்ஸி, ஒரு ஃப்ரிட்ஜ். சமையல் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றினால் 378 யூனிட். கூடுதல் செலவு சுமார் 600 ரூபாய். மிச்சம் 260 ரூபாய் போல. பரவாயில்லையே!

இரண்டாவது வீடு கூட்டுக்குடும்பம். ஃப்ரிட்ஜோடு மோட்டாரும், வெயில் காலத்துக்கு ஒரு ஏ.சி-யும் உண்டு. இப்போதே 420 யூனிட். அதில் 128 சேர்ந்தால் 548. இங்கேதான் பொறி இருக்கிறது. 500-ஐத் தாண்டியதும் கடைசி 48 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101-லிருந்து 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த சலுகை விலையும் காணாமல் போய்விடும். மொத்தத்தில் பில் சுமார் 1,150 ரூபாய் கூடும். மிச்சமானது 868 ரூபாய் சிலிண்டர். கைநஷ்டம்!

அதே குக்கர், அதே ஊர், அதே பருப்பு. ஒரு வீட்டுக்கு லாபம், அடுத்த வீட்டுக்கு நஷ்டம். "எலெக்ட்ரிக்தான் சீப்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியையும், "கரன்ட் பில் எகிறிடும்" என்று பயமுறுத்தும் சொந்தக்காரரையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பழைய மூன்று பில்களை எடுத்துப் பாருங்கள், போதும்.

உரிமைத்தொகைக்கும் குக்கருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது விதி இன்னும் சுவாரஸ்யமானது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை, 2023 ஜூலை 24-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் தொப்பூரில்தான். அப்போது அறிவிக்கப்பட்ட தகுதி விதிகளில் வருமானம், நிலத்தோடு மூன்றாவதாக ஒன்று இருந்தது. வீட்டின் ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்.

3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. சாதாரண வீடுகள் அந்தப் பக்கமே போகாது. ஆனால், இரண்டு மகன்கள் குடும்பத்தோடு ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அந்த வீடுகள் சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினால், வருஷத்துக்கு 700, 800 யூனிட் சேரும். எல்லைக்கோட்டில் நிற்கும் வீட்டை அது தாண்ட வைத்துவிடும். அந்த வீட்டுப் பெண் மாதம் 1,000 ரூபாயை வைத்து யோசிப்பாரா, 260 ரூபாய் மிச்சத்தை வைத்து யோசிப்பாரா?

இந்த இரண்டு விதிகளும் ஒரே நினைப்பில் எழுதப்பட்டவை. கரன்ட் அதிகம் எரிகிற வீடு வசதியான வீடு. ஏ.சி-யும் கீஸரும் மட்டுமே கரன்ட் குடித்த காலத்தில் அது சரி. ஆனால், டெல்லியில் வேறு பேச்சு நடக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு 'கோ எலெக்ட்ரிக்' பிரசாரம் தொடங்கி, மின்சாரச் சமையலுக்கு மாறச் சொன்னது. 2023 நவம்பரில் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளை விலை குறைத்துக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. காரணம் எளிது. நம் எல்.பி.ஜி. தேவையில் சுமார் 60 சதவிகிதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே பதற்றம் வந்தால், இங்கே சிலிண்டர் விலை ஆட்டம் காணும்.

ஆக, ஒரு கை "மின்சாரத்துக்கு வா" என்று கூப்பிடுகிறது. இன்னொரு கை "வந்தால் சலுகை கட்" என்கிறது. தமிழ்நாடு அரசு 2006-11 காலத்தில் கேஸ் அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. 2011-லிருந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. இரண்டும் சமையலறையில் நிற்கும் பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்திய திட்டங்கள். அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது கருவியைக் கொடுப்பதைவிட, சமையலுக்கு ஆகும் யூனிட்டை வசதியின் அடையாளமாக எண்ணாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் சலுகை வரம்பைத் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

நம்ம ஊர் தண்ணி, நம்ம ஊர் கரன்ட்

கணக்கு ஒரு பக்கம். எந்தக் குக்கரும் கடைசியில் நம்ம ஊர் தண்ணியிலும் நம்ம ஊர் கரன்ட்டிலும்தான் வேலை பார்க்க வேண்டும்.

தர்மபுரியின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினம், ஃப்ளோரைடும் அதிகம். அதனால்தானே 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 மே மாதம் அது திறக்கப்பட்டது. கடினத் தண்ணீரில் பருப்பு வேக மறுக்கும். சுண்ணாம்பும் மெக்னீசியமும் பருப்பின் தோலைக் கெட்டிப்படுத்திவிடும். "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று நம் பாட்டிகள் சொன்னது அறிவியல்தான். அழுத்தம் குறைவான எலெக்ட்ரிக் குக்கரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ராத்திரியே ஊற வைப்பதும், சமைக்க ஒகேனக்கல் தண்ணீரை எடுப்பதும்தான் வழி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொதிக்க வைப்பதாலோ, குக்கரில் வேக வைப்பதாலோ ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், சமைக்க போர்வெல் என்று பிரித்து வைக்காதீர்கள்.

அந்த உப்பு, குக்கரையும் விடாது. ஆவி வெளியேறும் துளை, வால்வு, மிதவை முள் என்று எல்லா இடத்திலும் வெள்ளையாகப் படியும். அடுப்புக் குக்கரில் ஒரு ஊசி போதும். எலெக்ட்ரிக்கில் மூடியின் உள்தகட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். அழுத்தமே ஏறாமல் நின்றுவிடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அடுத்தது வோல்டேஜ். சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்கும். 230-க்குப் பதில் 180 வந்தால், 1,000 வாட் ஹீட்டர் 610 வாட் அளவுக்குத்தான் சூடாகும். அதாவது, பாதியைவிடக் கொஞ்சம் மேலே. பாதிச் சமையலில் கரன்ட் போனால், உள்ளே இருப்பது வெந்தும் வேகாமலும் நிற்கும். மாமியார் வீட்டு விருந்தாளிகள் வந்திருக்கும் நாளில் அந்த அனுபவம் எங்கள் வீட்டில் கிடைத்தது. அம்மா பேசாமல் எல்லாவற்றையும் பழைய குக்கரில் கொட்டி, அடுப்பில் ஏற்றினார். "இதுக்குத்தான் நான் அதைத் தூக்கிப் போடல" என்ற பார்வையோடு.

வயரிங்கையும் பாருங்கள். ஆயிரம் வாட் குக்கர் நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸி, ஃப்ரிட்ஜோடு சேர்த்துச் செருக வேண்டாம். மூன்றாவது பின்னுக்கு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எது வெடிக்கும்?

அம்மாவின் கேள்வி. நேர்மையான பதில்: இரண்டிலும் ஆபத்து உண்டு, வகைதான் வேறு.

அடுப்புக் குக்கர் விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் நாமே இருப்போம். அடைத்த துளை, தேய்ந்த கேஸ்கெட், போலி சேஃப்டி வால்வு, தண்ணீர் சுண்டியது தெரியாமல் விட்டது, அழுத்தம் இறங்கும் முன் மூடியை இழுத்தது. எலெக்ட்ரிக்கில் இவற்றில் பாதியைக் கருவியே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் சுண்டினால் சென்சார் நிறுத்திவிடும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடி பூட்டிக்கொள்ளும்.

ஆனால், அந்தப் பூட்டே சொதப்பினால்? 2020-ல் அமெரிக்காவில் க்ராக்-பாட் எலெக்ட்ரிக் குக்கர்கள் 9 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. மூடி சரியாகப் பூட்டாமலே அழுத்தம் ஏறியதுதான் காரணம். 2025 மே மாதம் நின்ஜா ஃபுடி குக்கர்கள் சுமார் 18 லட்சம். அதில் அழுத்தம் இருக்கும்போதே மூடி திறக்க முடிந்தது. நூறு பேருக்கு மேல் தீக்காயம் என்று புகார். "எலெக்ட்ரிக், அதனால சேஃப்" என்ற சமன்பாடு கிடையாது.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற தரமும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். அப்படியும் முத்திரையில்லாத குக்கர்கள் ஆன்லைனில் விற்கப்பட்டன. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான் தளத்தில் விற்ற 2,265 குக்கர்கள், ஃப்ளிப்கார்ட்டில் விற்ற 598 குக்கர்கள் குறித்து, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நமக்கான பாடம்: ஆஃபர் சதவிகிதத்தைப் பார்க்கும் முன் முத்திரையைப் பாருங்கள். எலெக்ட்ரிக் குக்கருக்கும் இதே விதிதான்.

களியை மறந்துட்டீங்களே!

பட்டன்களில் 'ரைஸ்', 'பீன்ஸ்', 'சூப்' எல்லாம் இருக்கிறது. 'களி' இல்லை.

கேழ்வரகுக் களிக்கு மூடியே ஆகாது. கொதிக்கும் தண்ணீரில் மாவைப் போட்டு, வேக வைத்து, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். அதற்கு அகலமான பாத்திரமும், அடங்கி எரியும் தீயும், தோளில் பலமும் வேண்டும். நம் ஊரில் பல வீடுகளில் இன்றும் அது வாசலில் விறகடுப்பில்தான். தோசை, தாளிப்பு, அப்பளம் எல்லாம் கேஸுக்குத்தான். எலெக்ட்ரிக் குக்கரால் உண்மையில் நகர்த்த முடிவது சோறு, பருப்பு, கொள்ளு, மொச்சை, கறி. அதாவது, கேஸில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி ஓரளவு சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

அந்தப் பாதியை வைத்துப் பார்த்தால், முதலில் சொன்ன 250 யூனிட் வீட்டுக்கு ஆண்டுக்கு மிச்சம் 800 ரூபாய்க்கும் கீழே. குக்கரின் விலை 6,000 என்றால், போட்ட காசு திரும்ப ஏழெட்டு வருஷம். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்டே ஓடும் சின்னக் குடும்பமாக இருந்தால் மூன்றரை வருஷம் போதும். அதற்குள் சர்க்யூட் போர்டு போகாமல் இருக்க வேண்டும். அடுப்புக் குக்கரில் கேஸ்கெட்டை மாற்ற நூறு, இருநூறு ரூபாய். எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். எலெக்ட்ரிக்கில் போர்டு போனால், சர்வீஸ் சென்டருக்கு சேலமோ ஓசூரோ அலைய வேண்டியதுதான்.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய், நான்கு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாவட்டத்துப் பெண்களைக் கேளுங்கள். சொந்த முகவரியில் கேஸ் இணைப்பு இல்லை. சில வீட்டு ஓனர்கள் சிலிண்டரையே அனுமதிப்பதில்லை. ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்தால், ஹோட்டல் கிடையாது. காலையில் அரிசியும் பருப்பும் போட்டு டைமர் வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால், ஓனர் யூனிட்டுக்கு பத்து ரூபாய் என்று வாங்கினால், சிலிண்டரைவிட அதிகம் கொடுப்பதும் அவர்கள்தான். இலவச 100 யூனிட் அவர்கள் அறைக்கு வந்து சேர்வதே இல்லை.

தனியாக இருக்கும் வயதானவர்கள், அடுப்பை நிறுத்த மறந்துவிடுகிறவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுக்கும் இது உதவி. காசு மிச்சத்துக்காக வாங்குவதாக இருந்தால் பில்லைப் பார்த்து முடிவெடுங்கள். நேரத்துக்காக வாங்குவதாக இருந்தால், அதைத் தாராளமாக ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுப்பருகே நின்று விசில் எண்ணும் நிமிடங்களுக்கு இந்த வீட்டில் இதுவரை யாரும் விலை போட்டதில்லை.

எது வாங்கினாலும் சில விஷயங்கள்:

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள்.

* மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சோறு, பருப்பு போல் பொங்குபவற்றுக்குப் பாதிதான்.

* கேஸ்கெட் தளர்ந்தாலோ வெடிப்பு விட்டாலோ உடனே மாற்றுங்கள். சேஃப்டி வால்வு அந்தந்தக் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.

* எலெக்ட்ரிக் வந்ததும் பழைய குக்கரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். கரன்ட் போகும் நாளில் அதுதான் சோறு போடும்.

* பில் 450 யூனிட்டை நெருங்கும் வீடா? வெயில் கால இரண்டு மாதங்களில் அடுப்புக் குக்கர், மற்ற மாதங்களில் எலெக்ட்ரிக் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்கிறது. காலைச் சோறும் கொள்ளும் எலெக்ட்ரிக்கில். விருந்தாளி வந்தால் பழைய குக்கர். களி, வாசலில். அப்பா பில் வரும் நாளில் மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். 380 தாண்டவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா பட்டனை அமுக்கிவிட்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பழக்க தோஷத்தில் நான் கேட்டேன்: "எத்தன விசில்மா?"

"அது கத்தாது. நீ போயி வேற வேலயப் பாரு."